நடுநிலையும் அறுபது தார்ப்பாய்களும்

மனிதாபிமான உதவிக்கு உலகம் முழுக்க நான்கு கோட்பாடுகள். திண்டுக்கல்லில் 'கருணைப் பாலம்' தொண்டு நிறுவனத்தின் வரவேற்பறையில் தொங்கிய பேனரிலும் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. மனிதநேயம், நடுநிலை, சுதந்திரம், தூய்மை. இதில் தூய்மை எங்கிருந்து வந்து உட்கார்ந்தது என்று ஜெனீவாவில் யாரையாவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பார்கள்.

அது வந்த கதை சகாயசெல்விக்குத் தெரியும். அந்த அலுவலகத்தில் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் அவள் வேலை. பூட்டுக்கடை மாடியில் ஒற்றை அறையில் நிறுவனம் தொடங்கிய தொண்ணூற்று மூன்றாம் வருஷத்திலிருந்தே இருக்கிறாள். இயக்குநர் ஆனந்த்ராஜ் அப்போது சைக்கிளில் வருவார், எல்லாரிடமும் சாதாரணமாகப் பேசுவார். வெளிநாட்டு உதவி வந்து, மாடி மூன்று மாடியாகி, அவர் ஜெனீவாவில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய பிறகு சாதாரணமாகப் பேசுவது நின்றுபோனது. எந்தக் கூட்டமானாலும் இத்தாலியில் ஆரம்பித்தார். தையல் மிஷின் வழங்கும் விழாவுக்கு வந்த பெண்கள்கூட முதலில் சோல்ஃபெரினோ போர்க்களத்தைக் கடந்துதான் மிஷினுக்கு வரவேண்டியிருந்தது.

"ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பது! ஒரே நாளில் நாற்பதாயிரம் பேர் செத்தும் அடிபட்டும் கிடக்கிறார்கள். வியாபார அனுமதி கேட்டுப் பேரரசரைப் பார்க்கப் போன ஹென்றி டூனாண்ட் அதைப் பார்க்கிறார். மனம் உருகுகிறார்!" இங்கே நிறுத்துவார். ஆனந்த்ராஜும் செத்த நேரம் உருகுவார். பிறகு, செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது, அதன் கோட்பாடுகள் அறுபத்தைந்தில் வியன்னாவில் ஏழாக உறுதியாயின, தொண்ணூற்றொன்றில் ஐ.நா. சபை அவற்றில் மூன்றைத் தத்தெடுத்தது, இரண்டாயிரத்து மூன்றின் கடைசியில் நான்காவதையும் சேர்த்துக்கொண்டது என்று வரிசையாக வருவார். கேட்கிறவர்களுக்கு நான்காவது வரும்போது பசி வந்துவிடும்.

அந்தக் கதையில் சகாயசெல்விக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அதை ஆனந்த்ராஜ் அரை வாக்கியத்தில் தாண்டிவிடுவார். போர்க்களத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெண்கள், கிடந்தவன் எந்த ராஜாவின் சிப்பாய் என்று பார்க்காமல், யாருக்கு ரத்தம் அதிகம் போகிறதோ அவனிடம் முதலில் தண்ணீரைக் கொண்டு ஓடினார்கள். எல்லாரும் சகோதரர்கள் என்று சொன்னதும் அவர்கள்தான். கோட்பாடு என்று யாரும் பேர் வைக்காத காலத்தில் கோட்பாட்டைச் செய்து முடித்துவிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைத்திருப்பார்கள். ஒருத்தி பேர்கூட எந்தப் பயிற்சியிலும் சொல்லப்படவில்லை.

ஜெனீவாவிலிருந்து வந்த குறிப்பேட்டைத் தமிழாக்கச் சொன்னபோது அவள் இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டாள். நியூட்ராலிட்டி, இம்பார்ஷியாலிட்டி. முதலாவதற்கு நடுநிலை என்று எழுதினாள். சண்டையில் யார் பக்கமும் சேராமல் இருப்பது. இரண்டாவதற்கு மூன்று நாள் யோசித்தாள். ஒரு சொல் அகப்படவில்லை. 'யாராக இருந்தாலும், பலமாக அடிபட்டவருக்கு முதலில்' என்று எழுதிக் கொடுத்தாள்.

"என்ன செல்வி, ஆஸ்பத்திரி போர்டு மாதிரி இருக்கு?" என்றார் ஆனந்த்ராஜ். "ஒரே வார்த்தை வேணும். ரெண்டும் ஒண்ணுதானே? நடுநிலைன்னு போட்டு முடி."

"ரெண்டும் வேற சார். ஒண்ணு சண்டைக்காரனைப் பத்துனது. இன்னொண்ணு அடிபட்டவனைப் பத்துனது."

"பேனர்ல இம்புட்டு நீளத்துக்கு இடம் கிடையாது."

"அப்ப மூணுதான் சார் வரும்."

"நாலு வட்டம் போட்டுட்டான் பேனர்க்காரன். ஒரு வட்டம் சும்மா கிடந்தா நல்லாவா இருக்கும்? தூய்மைன்னு போடு. தூய்மையை எவன் வேண்டாங்கப் போறான்?"

ஒருவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. வந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து ஐந்து நவம்பரில் மழை கொட்டித் தீர்த்தது. சாணார்பட்டிக்குக் கிழக்கே புளியங்களம் கிராமத்தில் குளம் உடைத்துக்கொண்டது. தண்ணீர் ஊருக்குள் வரவில்லை. ஊர் மேட்டில் இருந்தது. கரைக்குக் கீழே, பள்ளத்தில், காலனி இருந்தது. முப்பத்தொரு மண்வீடுகளும் ஒரு காலைப்பொழுதில் கரைந்துபோயின. ஆள்சேதம் இல்லை. ஆடும் கோழியும் சட்டிபானையும் போய்விட்டன.

ஊர்ப் பள்ளிக்கூடம் காரைக் கட்டடம். காலனிச் சனம் அங்கே போய் நின்றது. பள்ளிக்கூடத்துச் சாவி காணவில்லை என்றார்கள். நான்கு நாளாகியும் அந்தச் சாவி அகப்படவில்லை. சாலையோரத்தில் குடிநீர்த் திட்டத்துக்காக இறக்கிப் போட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள் குழந்தைகளையும் கிழடுகளையும் தள்ளிவிட்டு மற்றவர்கள் புளியமரத்தடியில் நனைந்தார்கள்.

சகாயசெல்வி போய்க் கணக்கெடுத்தாள். ஒரு குழாய்க்குள் பேச்சாயியின் மருமகள் எட்டு நாள் சிசுவை மடியில் போட்டு முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தாள். குழாயின் இரண்டு வாயிலும் சாரல் அடித்தது. பிள்ளைக்கு மூச்சு இழுத்தது.

"ஒரு தார்ப்பாய் இருந்தா ரெண்டு பக்கமும் மறைச்சுருவேன் தாயி," என்றாள் பேச்சாயி. ஐம்பது வயசிருக்கும். களையெடுக்கப் போகிற கை. "அரிசி பருப்பெல்லாம் நாங்க எப்படியாவது பாத்துக்குவோம். இன்னொரு மழை இப்படியே அடிச்சா பிள்ள தங்காது."

"நாளன்னைக்குத் தார்ப்பாயோட வாரோம்," என்றாள் சகாயசெல்வி. சொல்லிவிட்டு முப்பத்தொரு பேரையும் எழுதினாள். அகரவரிசையில் அல்ல. கைப்பிள்ளைக்காரி முதலில், நடக்கமாட்டாத கிழடுகள் அடுத்து, இப்படி. பேச்சாயி வீடு முதல் வரி.

உதவியாக வந்தது அறுபது தார்ப்பாய். முப்பத்தொரு வீட்டுக்கு அறுபது. சிறுபிள்ளைக்குக்கூடக் குழப்பம் வராத கணக்கு. ஆனால் ஆனந்த்ராஜ் பட்டியலைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"லிஸ்ட் ஒரு பக்கமாச் சாயுதே, செல்வி."

"தண்ணியும் ஒரு பக்கமாத்தானே சார் பாஞ்சுச்சு."

"ஊராட்சித் தலைவர் போன் பண்ணார். நாங்களும் நனைஞ்சோம்ல, எங்க ஊருக்குள்ள வந்து அவிங்களுக்கு மட்டும் குடுத்தா எப்படின்னு கேக்குறார். நியாயம்தானே? நம்ம கொள்கையே நடுநிலை."

"நனையறது வேற சார். வீடு போறது வேற."

"உணர்ச்சிவசப்படாதே. இதுக்குத்தான் கோட்பாடுங்கிறது."

ஊராட்சித் தலைவர் மூக்கையா விவரமான மனிதர். எந்தப் பயிற்சிக்கும் போகாமலே கோட்பாட்டைக் கரைத்துக் குடித்திருந்தார். வேன் ஊருக்குள் நுழைந்ததும் மாலையோடு நின்றார். "அய்யா, நடுநிலைன்னு உங்க நோட்டீஸ்லயே போட்டிருக்கீங்க. அதனால ஊருக்கு நடுவுலயே வச்சுருக்கோம், நடுத்தெருவுல. பந்தல் போட்டாச்சு. நீங்க நடுவுல உக்காந்து குடுங்க."

நடுத்தெருவுக்குள் காலனிச் சனம் செருப்போடு வரக்கூடாது, செருப்பில்லாமலும் வேலையில்லாமல் வரக்கூடாது. இன்றைக்கு மட்டும் வரலாம் என்று மூக்கையா பெரியமனசு பண்ணியிருந்தார். தெருமுனைக் குப்பைத்தொட்டிப் பக்கம் அவர்களை நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

சகாயசெல்விக்கு நடு என்ற சொல்லே ஆகாது. அவள் பிறந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. நடுவில்தான் இருந்தது.

ஆனந்த்ராஜ் வேனிலிருந்து ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை இறக்கினார். ஊரில் நூற்று நாற்பது, காலனியில் முப்பத்தொன்று, ஆக நூற்று எழுபத்தொரு சீட்டு அதற்குள் கிடந்தது. மைக்கைப் பிடித்தார். சோல்ஃபெரினோ, வியன்னா, ஐ.நா. சபை எல்லாம் புளியங்களத்து நடுத்தெரு வழியாக ஊர்வலம் போயின. "இன்று நாம் செய்யப்போவது குடவோலை! ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நம் முன்னோர் முறை! உலகக் கோட்பாடும் தமிழர் மரபும் கைகோக்கும் தருணம்!" என்றார். கைதட்டினார்கள். பந்தலுக்கு வெளியே வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

தெருமுனையிலிருந்து பேச்சாயியின் குரல் வந்தது. "அய்யா, ஒரு சந்தேகம். குளம் எங்க வீட்டுக்கு வந்தப்ப சீட்டுக் குலுக்கியா வந்துச்சு?"

"ஏ, சும்மா நில்லு," என்று யாரோ அதட்டினார்கள். ஆனந்த்ராஜ் புன்னகைத்தார். களத்தில் இப்படிப்பட்ட கேள்விகள் வரும், புன்னகைக்க வேண்டும் என்று ஜெனீவாவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சீட்டை எடுத்துப் படிக்க ஆள் வேண்டும். ஊர்க்காரர் படித்தால் காலனி நம்பாது, காலனிக்காரர் குடத்தைத் தொட்டால் ஊர் சும்மா இருக்காது. "நம்ம செல்வி படிக்கட்டும். நடுநிலையான ஆள்," என்றார் ஆனந்த்ராஜ்.

முதல் சீட்டு பால்ச்சாமி. ஓட்டுவீடு, இரண்டு கட்டு. தார்ப்பாயை வாங்கித் தோளில் போட்டவர், "வெங்காயப் பட்டறை மேல போர்த்த ஆச்சு," என்று மனைவியிடம் சொன்னது மைக்கிலேயே கேட்டது. இரண்டாவது, மூக்கையாவின் சித்தப்பா மகன். வைக்கோல் போருக்கு என்றார். மூன்றாவது பேருக்குரிய குடும்பம் திருப்பூருக்குப் போய் மூன்று வருஷம். பூட்டிக் கிடந்த வீட்டின் சார்பில் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்.

சகாயசெல்வியின் காதுக்குள் குழாய்க்குள் இழுத்த அந்த மூச்சு கேட்டது. நாலாவது சீட்டைப் பிரித்தாள். மூக்கையா என்று எழுதியிருந்தது.

"பேச்சாயி," என்று படித்தாள்.

வாசித்த பிறகுதான் வாசித்தது தெரிந்தது.   பன்னிரண்டு வருஷமாக மற்றவர் சொன்னதைப் பிசகாமல் தட்டச்சு செய்தவள் அவள். சீட்டைக் கசக்கி நாற்காலிக்கு அடியில் போட்டாள். பேச்சாயி வந்தாள். தார்ப்பாயை எடுத்துக் கொடுக்க நின்ற ஆள் அவள் கையில் கொடுக்கவில்லை, காலடியில் வைத்தான். குனிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்தாவது சீட்டு. "கருப்பம்மாள்." அது பட்டியலில் இரண்டாவது வரி. ஆறாவது சீட்டு, மூன்றாவது வரி. அதற்கப்புறம் அவள் சீட்டைப் பார்க்கவேயில்லை. குடத்துக்குள் கையை விடுவாள், ஒன்றைப் பிரிப்பாள், கண்ணாடியைச் சரிசெய்வாள், மனசுக்குள் இருந்த பட்டியலைப் படிப்பாள், சீட்டைக் கசக்கிக் கீழே போடுவாள். எட்டாவது பேர் வந்ததும் பேச்சாயிக்குப் பிடிபட்டுவிட்டது. "ஏலே, கையில வச்சுக்கிட்டு இங்க நிக்காதீக. வாங்குனவுக ஓடிப் போயி மேல போட்டுக் கட்டுங்க. பேசிக்கிட்டு நிக்காதீக," என்று தணிந்த குரலில் விரட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனந்த்ராஜுக்கு ஒரே பூரிப்பு. "பாருங்க தலைவரே, தேவையுள்ளவங்களுக்கே தானா விழுது. இயற்கையே நடுநிலையா இருக்கு!" என்று படம் எடுத்துத் தள்ளினார்.

மூக்கையா பூரிக்கவில்லை. பதினைந்து, இருபது என்று போகப்போக அவர் மீசையைத் தடவுவது வேகமானது. இருபத்தேழாவது காலனிப் பேரைப் படித்தபோது எழுந்தார். "ஏம்மா, குடத்துக்குள்ள காலனி மட்டும்தான் குடியிருக்கா?" நேராக வந்து நாற்காலிக்கு அடியில் கையை விட்டுக் கசங்கிய சீட்டுகளை வாரினார். ஒவ்வொன்றாகப் பிரித்தார். "இந்தா, என் பேரு! இத நீ பேச்சாயின்னு படிச்சிருக்க! இது நம்ம தெரு ஒச்சு பேரு! ஏய்யா டைரக்டரு, இதுதான் உம்ம ஜெனீவாவா?"

பந்தல் ஒரே இரைச்சல். ஆனந்த்ராஜின் முகத்தில் ஐ.நா. சபை கவிழ்ந்தது.

"செல்வி! கண்ணாடி சரியில்லையா உனக்கு?" தப்பித்துக்கொள்ள வழி காட்டினார்.

"கண்ணாடி நல்லாருக்கு சார்." அவள் எழுந்தாள். "தெரிஞ்சேதான் படிச்சேன். பட்டறைக்கும் வைக்கப்போருக்கும் பூட்டுன வீட்டுக்கும் தூக்கிக் குடுத்துட்டு, பச்சப்பிள்ளைய மழையில போடச் சொல்ற சீட்டை என்னால படிக்க முடியாது. எங்கயோ ரெண்டு ராஜா சண்டை போட்டப்ப, எவன் பக்கமும் சேராதேன்னு ஒரு வார்த்தை வச்சாங்க. இங்க யார் யாரோட சார் சண்டை போட்டா? முப்பத்தொரு வீடு போயிருச்சு. நூத்தி நாப்பது வீடு போகல. இதுக்கு நடுவுல எங்க சார் இருக்கு நடு?"

"நீ கோட்பாட்டையே மீறிட்டே!"

"எந்தக் கோட்பாடு சார்? நீங்க இடம் பத்தலைன்னு அடிச்சீங்களே, அதுவா?"

ஆனந்த்ராஜ் அவளைவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பெரிதாக இருந்தது. உடனே முடிவெடுத்தார். கொடுத்த தார்ப்பாய்களைத் திரும்ப வாங்கி, மீதி முப்பதோடு சேர்த்து, முதலிலிருந்து குலுக்குவது. மீதி முப்பதையும் வேனில் ஏற்றினார்கள். மூக்கையா, ஊர் இளவட்டங்கள் ஒரு பத்துப் பேர், ஆனந்த்ராஜ், கடைசியாக சகாயசெல்வி, எல்லாரும் காலனிச் சனம் கிடந்த சாலையோரத்துக்குப் போனார்கள்.

அதற்குள் இருபத்தேழு தார்ப்பாயும் ஏறிவிட்டிருந்தன. குழாய்களின் வாயிலும் புளியங்கிளைகளிலும் நீலநீலமாகக் கட்டிக் கிடந்தன. முதல் குழாயின் இரண்டு பக்கமும் மூடியிருந்தது.

மூக்கையா முப்பதடி தள்ளியே நின்றுகொண்டார். "எல்லாத்தையும் அவுத்துக் கொண்டாந்து வேன்ல போடுங்க. தப்பு நடந்துபோச்சு."

ஆனந்த்ராஜ் இரண்டு கையையும் விரித்தார். "நான் யார் பக்கமும் பேசல. நீங்களா மனசு வச்சுத் திருப்பிக் குடுத்துட்டா நல்லது."

பேச்சாயி குழாயின் முன்னால் வந்து நின்றாள். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "வந்து அவுத்துக்கங்க சாமி. நாங்க தடுக்கவா போறோம்? இந்தா இது பிள்ள பெத்தவளைச் சுத்திக் கெடக்கு. இன்னும் தீட்டுக் கழியல. அது கருப்பம்மா கெழவியச் சுத்துனது, அவளுக்கு ரெண்டு நாளா வயித்தோட்டம். மத்ததெல்லாம் நாங்க உருண்டது, எங்க சட்டி வச்சது. தாராளமாக் கொண்டுபோயி உங்க வீட்டுல விரிச்சுக்கங்க. எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

ஒருவரும் அசையவில்லை. இளவட்டங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பின்னால் நின்றவன் இன்னும் பின்னால் போனான். "போடா, நீ போயி அவு," என்று மூக்கையா ஒருவனைத் தள்ளினார். "எங்காத்தா வீட்டுக்குள்ள விடாது மாமா," என்றான் அவன்.

மூக்கையா காறித் துப்பினார். "எழவு, கெடந்து தொலையட்டும்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. ஐ.நா. சபையாலும் ஜெனீவாவாலும் நிற்கவைக்க முடியாத இருபத்தேழு தார்ப்பாயைத் தீட்டு நிற்கவைத்துவிட்டது. சகாயசெல்விக்குச் சந்தோஷம் வரவில்லை.  அந்த இளவட்டங்களில் ஒருவன், ஒரே ஒருவன், கோபத்தோடாவது வந்து அந்தத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்திருந்தால்கூட அவனை மனுஷன் என்று நினைத்திருப்பாள் போலிருந்தது.

"இன்னும் நாலு வீடு இருக்கு," என்றாள் சத்தமாக. "பட்டியல்ல கடைசி நாலு பேர். வந்து வேன்ல எடுத்துக்கங்க."

"செல்வி, அதுக்கு ஒரு முறை இருக்கு," என்றார் ஆனந்த்ராஜ்.

பேச்சாயி திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். நாலு பெண்கள் வந்தார்கள். அவர்கள் வர வர, வேனைச் சுற்றி நின்ற கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. ராணிகளுக்குக்கூட அப்படி விலகியிருக்க மாட்டார்கள். ஏறினார்கள். முப்பது தார்ப்பாய் அடுக்கியிருந்தது. அத்தனையையும் வாரி இறக்கியிருந்தாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் கிட்ட வந்திருக்க மாட்டான். அது அந்த நாலு பேருக்கும் நன்றாகத் தெரியும். ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். இறங்கினார்கள்.

"போதுமா?" என்றாள் சகாயசெல்வி.

"அம்புட்டுப் பேரும் முடிஞ்சுபோச்சு தாயி," என்றாள் அவர்களில் ஒருத்தி. "மிச்சம் எங்களுக்கு எதுக்கு?"

மழை பிடித்துக்கொண்டது. ஊர்க்காரர்கள் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். ஆனந்த்ராஜ் வேனின் முன்சீட்டில் ஏறி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். உலகத்தையே மன்னிக்கிற குரலில் சொன்னார்: "ஏறு செல்வி. நடந்தது நடந்துபோச்சு. தீட்டு, அது இதுன்னு ரிப்போர்ட்ல வேணாம். உள்ளூர்ப் பண்பாட்டு உணர்வுகளை மதித்து, சமூகத்தின் ஒருமித்த முடிவோடுன்னு எழுதிரு. உன் விஷயத்தை ஆபீஸ்ல பேசிக்கலாம்."

சகாயசெல்வி ஏறவில்லை. அந்த நாலு பேரில் கடைசிக்காரி வயசானவள், தார்ப்பாயை விரிக்கத் தெரியாமல் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுன்னு சொல்றேன்ல."

"நானும் தொட்டுட்டேன் சார்," என்றாள் திரும்பாமலே.

 ஆனந்த்ராஜுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாத முகம். பிறகு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு டிரைவரிடம் கையைக் காட்டினார். மூன்றாம் தடவை அவர் கூப்பிடவில்லை.